தைராய்டு மாத்திரை: காபிக்கு முன்னா, பின்னா? நேரம் பிரித்துச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தைராய்டு மாத்திரை டப்பா கேட்டு யாராவது வராத நாள் கிடையாது. அதில் நிறையப் பேர் சொல்வது ஒரே கதைதான்: "அம்பதுல ஆரம்பிச்சாங்க, எழுபத்தஞ்சு ஆச்சு, இப்ப நூறு எழுதியிருக்காங்க." பவர் ஏறுவதற்கு உடம்பிலேயே உண்மையான காரணம் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் சீட்டைக் கையில் வாங்கும்போதே நான் கேட்பது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் காபி குடிக்கிறீர்கள் என்பதுதான். "காபியோடதான் போடுறேன்" என்று பதில் வந்தால், பவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நேரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். போடுகிற மாத்திரை முழுதாக உடம்பில் சேராமலே இருந்து, அதனால் அளவு கூடிக்கொண்டே போகிறதா என்று பார்க்காமல் நூறுக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இது தைராய்டு சுரப்பு குறைவாக இருந்து லெவோதைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு. எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது அதுதான். சுரப்பு அதிகமாகி நியோமெர்கசோல் மாதிரியான மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏன் வெறும் வயிறு?

டப்பாவில் 50, 75, 100 என்று போட்டிருப்பது மைக்ரோகிராம் கணக்கு. நூறு மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு துளியூண்டு மருந்து இரைப்பை அமிலத்தில் கரைந்து, சிறுகுடலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கு ஏற வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் உள்ளே சேர்கிறது. சாப்பாடு, பால், காபி, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து எது கூடப் போனாலும் அந்தப் பங்கு குறைகிறது. எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், அதனால்தான் டாக்டரால் அளவை ஒரு நிலைக்குக் கொண்டுவர முடியாமல் போகிறது.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். ஆக ஒருநாள் நேரம் தவறிவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அதே தவறு நடந்தால்தான் மெதுவாகச் சேர்ந்து சேர்ந்து, ஒன்றரை மாதம் கழித்து டெஸ்ட் ரிசல்ட்டில் வந்து நிற்கும்.

முதல் படி: காலையா, இரவா என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி இருக்கிறது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2014ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரண்டையும்தான் சொல்கிறது: காலைப் பலகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கப்போகும்போது. காலையில் ஒரு மணி நேரம் முடியவே முடியாது என்றால் அரை மணி நேரமாவது வேண்டும், அதற்குக் கீழே வேண்டாம்.

இரவில் போடலாமா என்று சந்தேகமாகக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம். நெதர்லாந்தில் ஏறக்குறைய 90 பேரைக் காலையில் மூன்று மாதம், இரவில் மூன்று மாதம் என்று மாற்றிச் சாப்பிட வைத்துப் பார்த்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், இரவில் போட்டபோது டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறுகிற, ரத்த டெஸ்ட்டில் பார்க்கிற அளவு) இன்னும் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் நம் வீட்டு வழக்கத்துக்கு அது ஒத்துவருமா என்று யோசியுங்கள். ஏழு, ஏழரைக்குச் சாப்பாடு முடிந்து பத்தரை, பதினொன்றுக்குப் படுக்கிற வீடு என்றால் இரவு அருமையான நேரம். கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்கு வந்து தோசை சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு அது சரிப்படாது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் இரவைத் தொடவே வேண்டாம், பாலும் இந்த மாத்திரையும் சேராது. இரவில் கால்சியம் மாத்திரை போடுகிறவர்களும் அப்படித்தான், அதைப் பகலுக்கு மாற்றினால் மட்டுமே இரவு சரிவரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிலேயே இருங்கள். இன்று காலை, நாளை இரவு, மறுநாள் பலகாரத்துக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இரண்டாம் படி: தண்ணீர், வெறும் தண்ணீர்

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இறங்கிக் கரைய அது வேண்டும். வெந்நீராக இருந்தாலும் பரவாயில்லை. தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், வெந்தயம் ஊறிய தண்ணீர், நீராகாரம், சுக்கு மல்லிக் காபி, கஷாயம் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். "அது சாப்பாடு இல்லையே, வெறும் தண்ணிதானே" என்பார்கள். வயிற்றுக்கு அது சாப்பாடுதான். உடம்புக்கு நல்லது என்று குடிக்கிறவர்கள் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும், நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாம் படி: காபி

செட்டிநாட்டில் இதுதான் பெரிய சிக்கல், பலகாரம் இல்லை. பலகாரம் எப்படியும் எட்டு மணிக்குத்தான். ஆனால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் காபி வந்துவிடும், சில வீடுகளில் ஐந்து மணிக்கே டிகாஷன் இறங்கியிருக்கும். "வெறும் வயித்துலதான் போடுறேன்" என்று சத்தியம் செய்பவர்கள்கூடக் காபியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்க்க வேண்டும். இத்தாலிக்காரர்கள் 2008ல் எஸ்பிரெஸோ காபியை வைத்து இதைச் சோதித்தார்கள். பாலில்லாத காபியோடு மாத்திரையை விழுங்கியபோதே மருந்து ரத்தத்தில் ஏறுவது குறைந்தது, அதே ஆட்கள் தண்ணீரோடு விழுங்கியபோது சரியாக ஏறியது. நம் காபியில் டிகாஷனோடு பாலும் சேர்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது. அதனால் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். டீக்கும் இதே கணக்குதான், பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும்.

காபியை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையை முன்னால் நகர்த்துங்கள். அறுபது வயதுக்கு மேல் பெரும்பாலோர் மூன்றரை, நாலு மணிக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார்கள். அதுதான் நேரம். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து மறுபடி படுத்துக்கொள்ளலாம், ஐந்தரைக் காபிக்குள் வேலை முடிந்துவிடும்.

நான்காம் படி: மற்ற மாத்திரைகளைப் பிரித்து வையுங்கள்

நாலு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டியவை: கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இந்த இரண்டும் கலந்த சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற டைஜீன், ஜெலுசில் மாதிரி மருந்துகள், வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட். இவை குடலுக்குள் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டா. அரை மணி, ஒரு மணி இடைவெளி இவற்றுக்குப் போதாது.

கேஸ் மாத்திரை என்று எல்லோரும் சொல்கிற பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் வேறு விஷயம். அவை இரைப்பை அமிலத்தையே குறைத்துவிடுவதால் தைராய்டு மாத்திரை கரைவது மந்தமாகும், எத்தனை மணி நேரம் தள்ளிப் போட்டாலும் அது முழுதாகச் சரியாகாது. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு பார்க்கிற டாக்டரிடம் கேஸ் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள், அதை வைத்து அவர் அளவை முடிவு செய்வார். கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள்தான் இதைச் சொல்ல மறக்கிறார்கள், ஏனென்றால் அதை ஒரு மருந்தாகவே அவர்கள் நினைப்பதில்லை.

பிரஷர் மாத்திரைகளோடு பொதுவாகப் பெரிய சண்டை இல்லை. சுகர் இருப்பவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: தைராய்டு மாத்திரைக்காகக் காத்திருக்கிறேன் என்று, இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். தைராய்டு மாத்திரை முதலில், இடைவெளி முடியட்டும், தட்டு தயாரான பிறகு இன்சுலினோ சாப்பாட்டுக்கு முன் போடும் சுகர் மாத்திரையோ.

இதெல்லாம் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு தேவகோட்டையில் இருக்கிற என் பெரியாத்தாவைச் சொல்கிறேன். தைராய்டு, பிரஷர், சுகருக்கு மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை, கால்சியம் எல்லாம் ஒரே எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார்கள். நேரத்தைப் பிரிக்க வேண்டும் என்றதும், "ஏன்டா தம்பி, காபி குடிக்காம எனக்குக் கண்ணே தெறக்காதேடா" என்றார்கள். காபிக்கு ஒன்றும் ஆகாது ஆத்தா என்று சொல்லி இப்படிப் பிரித்தோம். தைராய்டு டப்பா மட்டும் கட்டிலுக்குப் பக்கத்து மாடக்குழியில், கூடவே மூடி போட்ட டம்ளரில் தண்ணீர். இருட்டில் கை போனால் வேறு மாத்திரை அகப்படவே கூடாது என்பதற்காக மற்ற எல்லாம் இரண்டாம் கட்டு அலமாரிக்குப் போய்விட்டன. நாலு மணிக்கு எழும்போது தைராய்டு மாத்திரை. ஐந்தேகாலுக்குக் காபி. ஏழரைக்குக் கேஸ் மாத்திரை. எட்டு மணிக்கு இட்லி, அதன் பிறகு பிரஷர் மாத்திரையும் மெட்ஃபார்மினும். மத்தியானச் சாப்பாட்டோடு கால்சியம். இந்த மாற்றத்தை அவர்களுடைய டாக்டரிடமும் சொல்லியாயிற்று. ஏன் சொல்ல வேண்டும் என்பது கீழே டெஸ்ட் பற்றிய இடத்தில் வருகிறது, அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சாப்பாட்டில் எதை விட வேண்டும்?

அனேகமாக எதையும் விட வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தொடாதே என்று பயமுறுத்துகிறார்கள், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்கள் வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். கவுனி அரிசி, கும்மாயம், கேழ்வரகு எல்லாம் சாப்பிடலாம், மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து. சோயாவில் மட்டும் கொஞ்சம் நிதானம். மீல் மேக்கர், சோயா மாவு, சோயா கலந்த புரதப் பவுடர் இவை மருந்து சேர்வதைக் குறைக்கும், அவற்றை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நார்ச்சத்துப் பவுடர் கரைத்துக் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள்.

கல்யாணம், பாதயாத்திரை, நோன்பு

கல்யாண வீட்டில் முகப்பில் நுழையும்போதே காபி கையில் வந்துவிடும், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். குளிக்க எழுப்புகிற நேரத்திலேயே, பல் விளக்கும் முன் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். குளித்து, பட்டுக் கட்டி, தலை பின்னிக் கிளம்ப எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் விடியுமுன் நடையைத் தொடங்கி வழியில் டீ, காபி என்று குடித்துக்கொண்டே போவார்கள். எழுந்ததும் மாத்திரை, முதல் டீ ஒரு மணி நேரம் நடந்த பிறகு. வேண்டிய நாட்களுக்கு மட்டும் எடுத்து, காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டு, பையின் நடுவில் துணிகளுக்குள் வையுங்கள். வெயில் படுகிற வெளிப்பக்க ஜிப்பில் வேண்டாம்.

பிள்ளையார் நோன்பு, சஷ்டி என்று விரதம் இருக்கிற நாளில் மாத்திரையை விட வேண்டியதில்லை, வெறும் வயிறு அதற்கு வசதிதான். தண்ணீரும் குடிக்காத விரதம் என்றால், அன்றைக்கு முதலில் வாயில் வைப்பது மாத்திரையும் தண்ணீருமாக இருக்கட்டும். ரமலானில் நோன்பு வைப்பவர்கள் சஹருக்குக் கொஞ்சம் சீக்கிரமே எழுந்து முதலில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம்.

மறந்துவிட்டால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால், சாப்பிட்டு மூன்று மணி நேரமான ஒரு சமயம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கம்போல ஒன்று போதும், நீங்களாக இரண்டாகப் போட வேண்டாம். இதய நோய் இருப்பவர்கள் முக்கியமாக இதைக் கேளுங்கள்.

டப்பாவை எங்கே வைப்பது?

இந்த மருந்துக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. சித்திரை வெயிலில் நம் ஊர் 40 டிகிரி தொடும்போது ஃப்ரிட்ஜ் தலையிலும் அடுப்பு மேடையிலும் கார் டாஷ்போர்டிலும் வைக்கிற டப்பா என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கனத்த சுவர் வைத்த பழைய வீட்டில் உள்ளறை குளிர்ச்சியாகவே இருக்கும், அங்கே வையுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனியையும் அடிக்கடி மாற்றாதீர்கள். கடையில் உங்கள் பிராண்டு இல்லை என்று வேறு கொடுத்தால், ஒரே பவராக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், மாறிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்த டெஸ்ட்டும், எல்லோரும் மறக்கிற ஒரு விஷயமும்

டெஸ்ட் எடுக்கிற அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி4 என்கிற தைராய்டு சுரப்பின் அளவு தற்காலிகமாக ஏறி நிற்கும், டாக்டருக்குச் சரியான கணக்கு கிடைக்காது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டைக் கெடுப்பதில்லை, டெஸ்ட் முடிவைத்தான் தப்பாகக் காட்ட வைக்கும்.

இப்போது அந்த விஷயம். இத்தனை நாள் காபியோடு போட்டு, மருந்து சரியாகச் சேராமல், அதனாலேயே பவர் நூறு, நூற்றிருபத்தைந்து என்று ஏறியிருந்தால், நாளையிலிருந்து ஒழுங்காக வெறும் வயிற்றில் போட ஆரம்பித்ததும் அதே மாத்திரை முழுதாகச் சேரும். அப்போது அது உங்களுக்கு அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை இறங்குவது இவைதான் அதற்கு அடையாளம். வயதானவர்களுக்கு அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். அதனால் நேரத்தைத் திருத்துகிற அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் எடுங்கள். பவர் குறையலாம். படபடப்பு வந்தால் எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள், நெஞ்சுவலி என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

மாசமாக இருக்கும் பெண்களுக்கு

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் குழந்தைக்குப் போகும். வயிற்றில் இருக்கிற குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் அம்மாவின் தைராய்டு சுரப்புதான் ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாசமானதும் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும். நாள் தள்ளிப்போய் உறுதியானதுமே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். "மாசமா இருக்கும்போது மாத்திரையே கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் அன்பாகச் சொல்வார்கள். இந்த மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் இந்த நேரத்தில்தான் சேரும். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, மத்தியானத்தில் ஒன்று, இரவில் மற்றொன்று என்று மூன்றையும் பிரித்து வையுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. காலையில் வாந்தி நிற்காமல் மாத்திரை வெளியே வந்துவிடுகிறது என்றால் இரவுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், மற்ற இரண்டையும் அதற்கேற்ற மாதிரி பகலுக்குத் தள்ளிக்கொள்ளலாம். குழந்தை பிறந்ததும் அளவு பெரும்பாலும் பழையபடி குறையும், அதற்கும் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும். பிரசவத்துக்கு அம்மா வீடு போகும்போது மாத்திரை டப்பாவோடு கடைசி ரிசல்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே பார்க்கிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.